கடல் கடந்தும் கூடவரும் கைப்பேசி எண்

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகளின் பிரசவத்துக்காக மனைவியுடன் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். இறங்கிய விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டு, இந்திய சிம் அட்டையைக் கழற்றிப் பணப்பையில் வைத்துவிட்டார். ஐந்து மாதங்களுக்குப் பிறகு, ஊரில் உள்ள வைப்புத்தொகையை அவசரமாக எடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. வங்கியின் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். சிம் அட்டையைத் தேடியெடுத்துப் பொருத்தினால், இணைப்பே இல்லை. ரீசார்ஜ் செய்யப்படாமலும் பயன்பாடின்றியும் கிடந்த அந்த எண் துண்டிக்கப்பட்டிருந்தது. ஊர் திரும்பும்வரை அவருடைய பணம் அவருக்கே எட்டாக்கனியாக இருந்தது.

வெளிநாடு செல்வோர் கைப்பேசிச் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் கேட்கும் கேள்வி, 'ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும்?' என்பதுதான். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு தனித்தனித் தேவைகள். ஒன்று, வழி தேடவும் வீட்டாருடன் பேசவும் வேண்டிய இணையம். மற்றொன்று, வங்கி முதல் ஆதார் வரை அனைத்தோடும் பிணைக்கப்பட்டுவிட்ட நமது எண். முதலாவதற்கு விலை மலிந்த வழிகள் பல வந்துவிட்டன. இரண்டாவதைப் பற்றி எவரும் பயணிக்கு எடுத்துச் சொல்வதில்லை.

ரோமிங் கட்டணம் ஏன் இவ்வளவு அதிகம்? நமது கைப்பேசி வேற்று நாட்டு நிறுவனத்தின் கோபுரத்தோடு இணையும்போது, அந்த நிறுவனம் நமது நிறுவனத்திடம் மொத்தவிலைக் கட்டணம் வசூலிக்கிறது. அதன்மேல் தனது பங்கையும் சேர்த்து நமது நிறுவனம் நம்மிடம் வாங்குகிறது. இந்த மொத்தவிலையைப் பேசி முடிப்பவை நிறுவனங்கள். பேரம் நடக்கும் இடத்தில் பயணிக்கு நாற்காலி கிடையாது. திட்டம் எதுவும் வாங்காமல் ரோமிங்கில் இணையத்தைத் திறந்துவைத்தால், பின்னணியில் தானாக இயங்கும் செயலிகளே பெருந்தொகைக்குக் கணக்கு ஏற்றிவிடும். விமானத்திலும் சொகுசுக் கப்பலிலும் உள்ள செயற்கைக்கோள் வலைப்பின்னல்கள் இன்னும் ஆபத்தானவை. வழக்கமான நாட்டுத் திட்டங்கள் பலவற்றில் அவை அடங்குவதில்லை. ஏன், கடல் கடக்கவே வேண்டாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றாலே இலங்கை நிறுவனத்தின் வரவேற்புச் செய்தி கைப்பேசிக்கு வருவதுண்டு.

இதை அரசுகள் நினைத்தால் மாற்ற முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் ரோமிங் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்து, 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே கூடுதல் கட்டணத்தையே ஒழித்தது. சில்லறை விலையோடு மொத்தவிலைக்கும் வரம்பு கட்டியதுதான் அதன் சூட்சுமம். அந்த ஏற்பாடு 2032 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியபின், அந்நாட்டின் பெரிய நிறுவனங்களில் பல மீண்டும் ரோமிங் கட்டணத்தை வசூலிக்கத் தொடங்கின என்பதே, அதைத் தடுத்து வைத்திருந்தது சட்டம்தான் என்பதற்குச் சான்று. சிங்கப்பூரும் மலேசியாவும் 2011-இலேயே தமக்குள் பேசிக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டன. இந்தியாவுக்குள்ளும் மாநிலம் விட்டு மாநிலம் சென்றால் கட்டணம் என்ற நிலை 2017 வாக்கில் மறைந்தது. ஆனால், சர்வதேச ரோமிங் கட்டணம் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. தமிழர்கள் அதிகம் சென்றுவரும் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா நாடுகளுடனாவது இருதரப்பு உடன்பாடுகளுக்கு மத்திய அரசு முயலலாம்.

அதுவரை, இரண்டு வாரத்துக்கு மேல் தங்குவோருக்கு உள்ளூர் சிம் அட்டையோ, அட்டையே தேவைப்படாத இ-சிம்மோதான் பெரும்பாலும் ஆதாயம். ஓரிரு நாள் பயணத்துக்கு நமது நிறுவனத்தின் ரோமிங் திட்டமே போதும். சீனா செல்வோருக்கும் அதுவே நல்லது. ரோமிங் இணையம் பொதுவாக நமது நாட்டு வலைப்பின்னல் வழியாகவே செல்வதால், அங்கே முடக்கப்பட்டுள்ள வாட்ஸ்அப், கூகுள் போன்றவை அதில் இயங்கும். உள்ளூர் சிம்மில் இயங்கா. பழைய கைப்பேசி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் 2024-இல் 3ஜி சேவையை மூடிவிட்டன. 4ஜி வழியே குரல் அழைப்பு செய்ய இயலாத கருவி அங்கே வெறும் கடிகாரம்தான்.

எண்ணின் கதைக்கு வருவோம். தொடர்ந்து 90 நாள்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத முன்பணச் சேவை எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள்கள் நீட்டிக்க வேண்டும் என்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதி. துண்டிக்கப்பட்ட எண், மேலும் 90 நாள்கள் கழிந்தபின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம் என்பது 2023-இல் உச்சநீதிமன்றத்தில் நடந்த வழக்கில் வெளிப்பட்டது. ஆறு மாதம் பேரக்குழந்தையோடு இருந்துவிட்டு வரும் முதியவரின் எண், அவருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போய்ச் சேரலாம். வங்கியின் செய்தியும் அவருக்கே போகும்.

எண்ணையே அடையாளமாக மாற்றியது யார்? பயணி அல்ல. வங்கிகளும் அரசுத் துறைகளும்தான் அதைச் செய்தன. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குறுஞ்செய்தி ஓடிபி அல்லாத பிற சரிபார்ப்பு முறைகளுக்கும் இடம் தருகின்றன. 2026 ஏப்ரல் 1 அவை நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது. வங்கிகள் அவற்றை முதியோருக்கும் புரியும் வகையில் கொண்டுசேர்க்குமா என்பதுதான் ஐயம். 2023-இல் சிங்கப்பூர், அமெரிக்கா உள்ளிட்ட 10 நாடுகளின் எண்களிலிருந்தே யுபிஐ பயன்படுத்த அனுமதி வந்தது. அதுவும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான். மகன், மகள் வீட்டுக்குச் சென்றுவரும் பெற்றோருக்கு அதனால் பயனில்லை.

ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்கு இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணம் வசூலிப்பதில்லை. ஆனால், எண்ணின் செல்லுபடிக்காலம் முடிந்திருந்தாலோ, ரோமிங் வசதியை முன்பே இயக்கி வைக்காமல் இருந்தாலோ அந்தச் செய்தி வந்து சேராது. இணையம் வேண்டாதவர்களுக்குக் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. செல்லுபடிக்காலமும் 365 நாள்கள் வரை அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு நீடிக்கும் இத்தகைய திட்டங்கள் இப்போது உள்ளன. விளம்பரங்களில் இவற்றை அரிதாகவே காண முடிகிறது.

அந்த ஆசிரியர் இரண்டாவது பேரக்குழந்தைக்காக மீண்டும் புறப்படுகிறார். இம்முறை இரண்டு சிம் பொருத்தும் கைப்பேசி வாங்கியிருக்கிறார். முதல் இடத்தில் இந்திய எண், ஓராண்டுக்கு ரீசார்ஜ் செய்யப்பட்டு, ரோமிங்கில் இணையம் அணைக்கப்பட்டு இருக்கிறது. இரண்டாவது இடத்தை ஆஸ்திரேலியாவில் வாங்கப்போகும் சிம்முக்காகக் காலியாக வைத்திருக்கிறார்.