கடனா, கொடையா?

திருப்பதிக் கடைத்தெருவின் வாழ்வு அடியார்தம் காலடியில் இருக்கிறது. மலைக்கு வருவோர் வாங்கினால்தான் பூக்கூடை காலியாகும். இட்டலி வண்டியில் அடுப்பு எரியும். மழித்த தலைக்குத் தொப்பி விலையாகும். 2020 மார்ச் 20 அன்று, கொரோனாக் கொள்ளைநோய்க்கு அஞ்சி, திருமலையில் அடியார் வருகை நிறுத்தப்பட்டது. எண்பது நாள் கழித்து, சூன் 8 அன்று வழி திறந்தபோதும் முதலில் தேவத்தான ஊழியர், பிறகு உள்ளூரார். 11-ஆம் நாள் முதல்தான் வெளியூரார். அதுவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் பேர். அக்கடைத்தெருவுக்கு அது எம்மாத்திரம்?

அரசினர் கைகட்டி இருந்தனர் என்று நான் கூறவில்லை. அதே சூன் 10 அன்று ஆந்திர அரசு 'ஜகனன்ன சேதோடு' என்னும் திட்டத்தின்கீழ்ச் சொந்தக் கடை வைத்திருந்த தையற்காரர், சலவைத் தொழிலாளர், முடி திருத்துவோர் ஆகிய 2,47,040 பேருக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் வழங்கியது. திருப்பித் தர வேண்டாத பணம். நல்ல செயல்; பாராட்டுவோம். ஆனால், தெருவில் கூடை வைத்து விற்பவருக்கு? நடுவணரசு அவ்வாண்டு சூன் திங்களில் தொடங்கிய 'சுவநிதி'யிலும் பத்தாயிரம்தான். மாநில அரசு நவம்பர் 25-இல் தொடங்கிய 'ஜகனன்ன தோடு' திட்டத்திலும் பத்தாயிரம்தான். ஆனால் இவை இரண்டும் கடன்! கூரையுள்ள கடைக்காரருக்குக் கொடை. கூரையற்ற கூடைக்காரருக்குக் கடன். இது என்ன நீதி, நண்பர்களே?

கடனை நான் இகழவில்லை. ஈடு கேளாமல், ஒன்றில் வட்டிச் சலுகையோடும் மற்றொன்றில் வட்டியை அரசே ஏற்றும் கிடைத்த கடன் அது. தண்டற்காரனிடம் முன்பிடித்தம் போக வாங்கி, நாள்தோறும் கட்டி அழுதவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் முதல் என்பது வணிகனுக்கு விதைநெல். மூன்று மாதம் வீட்டில் அடைபட்டவர் விதைநெல்லை உண்டுதானே உயிர் வைத்திருப்பார்? அவர் கையில் கடனைக் கொடுத்தால் அதில் பாதி அரிசிக்கடைக்குப் போகும். மீதிக்குப் பூ வாங்கி, முழுமைக்கும் தவணை கட்ட வேண்டும்.

இனாம் கொடுத்தால் சோம்பல் வளரும் என்று விடுதி உணவுக்கூடத்தில் பொருளியல் பேசும் நண்பர்கள் உண்டு. (அவர்களுள் சிலர் அரசின் உதவித்தொகையில் படிப்பவர்கள் என்பது வேறு செய்தி.) பூக்காரி சோம்பலால் வீட்டிலிருந்தாளா? வெளியே வராதே என்று சட்டம் சொல்லிற்று; இருந்தாள். ஊரார் நலத்துக்காக அவள் இழந்ததை ஊரார் பகிர்ந்துகொள்வது இனாம் அன்று, கணக்குத் தீர்த்தல்.

இங்கிலாந்தில் 2020 மார்ச்சிலேயே சிறுகடைக்குப் பத்தாயிரம் பவுன் கொடை அறிவித்து, உள்ளூர் மன்றங்களின் கையாலேயே கொடுக்கச் செய்தனர். கடைவரிப் பேரேடு மன்றத்திடம் இருந்தது, வேலை எளிதாயிற்று. அங்கும் பேரேட்டில் இல்லாத சந்தை வணிகர் முதலில் விடுபட்டனர். மே திங்களில் அவர்களுக்கெனத் தனி நிதி வகுக்க நேர்ந்தது.

ஆக, பேரேடுதான் உயிர்நாடி. நமது 2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கெடுத்துச் சான்று தரவேண்டும் என்கிறது. நகர வணிகக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் தெரு வணிகரே இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அப்படியிருந்தும் சுவநிதி வந்தபோது, கணக்கில் விடுபட்டோர் நகராட்சியின் பரிந்துரைக் கடிதத்துக்கு அலைய வேண்டியதாயிற்று. வீடு எரியும்போது கிணறு வெட்டிய கதை! காட்பாடியில் குடும்ப அட்டையும் சித்தூரில் கூடையுமாக வாழும் நம் தமிழர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மாநிலத் திட்டங்கள் அந்தந்த மாநிலக் குடிகளுக்கே. இவர் எந்த ஏட்டில் இருப்பார்?

2025-இல் சுவநிதியை 2030 மார்ச் வரை நீட்டி, முதற்கடனைப் பதினையாயிரமாக்கினர். மகிழ்ச்சியே, ஆயினும் அதுவும் கடன்தான். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதியும் சித்தூரும் தனித்தனித் தலைநகர்களாயின. இரு மாநகராட்சிகளும் இன்றே கூடைக்காரர் உட்பட யாவரையும், குடும்ப அட்டை எவ்வூராயினும், விற்கும் இடத்தில் வைத்து எழுதிக்கொள்ளட்டும். ஊரை அடைக்க ஆணையிடும் நாளில் அவ்வேட்டைப் பார்த்து நாட்கூலி அளவேனும் கொடையாக அளிக்க ஒரு நிதியும் ஒதுக்கட்டும். கடனைப் பிறகு பேசலாம்.

தெலுங்கில் அச்சிட்ட விண்ணப்பத்தைப் படிக்க இயலாத தமிழ் வணிகர் நம் பல்கலைக்கழக வாயிலிலேயே இருக்கின்றனர். நம் மன்றத்தார் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்து அவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாமே. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.