கனிவும் கண்டிப்பும்

தந்தையின் பணியிட மாற்றத்தால் கல்வியாண்டின் நடுவில் புதிய பள்ளியில் சேரும் ஒரு மாணவனை எண்ணிப் பார்க்கலாம். வகுப்பில் பிறர் பேசும் மொழி அவன் நாவில் இன்னும் படியவில்லை. பழைய நண்பர்கள் தொலைவில் இருக்கின்றனர். கணக்குத் தேர்வில் அவன் பெற்ற மதிப்பெண் மிகக் குறைவு. விடைத்தாளில் பெற்றோரின் கையொப்பம் வேண்டும் என்று ஆசிரியை கூறுகிறார். அன்றிரவு அவன் தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டுவிடுகிறான். இரண்டு நாள்களில் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது.

இந்நிலையில் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? "பாவம், ஊர் மாறி வந்த பிள்ளை, அவனை ஒன்றும் சொல்லாதீர்கள்" என்பர் ஒரு சாரார். "இன்று இரண்டு அடி கொடுத்தால்தான் நாளை திருந்துவான்" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பிள்ளையின் துன்பத்தைக் காண்கின்றனர். அவன் செய்த பிழையைக் காணத் தவறுகின்றனர். பின்னவர் பிழையைக் காண்கின்றனர். பிள்ளையைக் காணத் தவறுகின்றனர். எனினும் இவ்விரு சாராரிடமும் ஓர் ஒற்றுமை உண்டு. பிழையைச் சரிசெய்யும் வேலையை இருவருமே அப்பிள்ளையிடம் ஒப்படைக்கவில்லை. ஓரிடத்தில் பிழை மறக்கப்படுகிறது. மற்றோரிடத்தில் அடியோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

கனிவும் கண்டிப்பும் தராசின் இரு தட்டுகள் போன்றவை, ஒன்று உயர்ந்தால் மற்றொன்று தாழும் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருத்தமாகத் தோன்றவில்லை. கனிவு இல்லாத வீட்டில் பிள்ளை உண்மையைச் சொல்ல அஞ்சும். உண்மை வெளிவராத இடத்தில் பொறுப்பேற்றலுக்கு வழியே இல்லை. பொறுப்பைக் கற்பிக்காத கனிவோ, "உன்னால் இதைச் சரிசெய்ய இயலாது" என்று பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று துணையாகவே நிற்கிறது.

காந்தியடிகளின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கும். தம் தன்வரலாறான 'சத்திய சோதனை'யில் அதனை அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். அப்போது அவருக்கு வயது 15. தமையனார் ஒருவருக்கு ஏறத்தாழ 25 ரூபாய் கடன் இருந்தது. அக்கடனைத் தீர்ப்பதற்காக, அத்தமையனார் அணிந்திருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு சிறு துண்டை மோகன்தாஸ் வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனச்சுமை தீரவில்லை. தந்தையிடம் நேரில் சொல்ல நா எழவில்லை. தந்தை அடிப்பார் என்ற அச்சம் அதற்குக் காரணமன்று. தந்தை தம் பிள்ளைகளுள் எவரையும் அடித்ததாக நினைவில்லை என்றே காந்தியடிகள் குறிப்பிடுகிறார். தந்தையின் மனம் நோகுமே என்பதுதான் அவருடைய அச்சம்.

முடிவில் ஒரு தாளில் தம் குற்றத்தை எழுதினார். அதற்குத் தக்க தண்டனை தருமாறு கேட்டார். தம் பிழைக்காகத் தந்தையார் தம்மையே வருத்திக்கொள்ள வேண்டா என வேண்டினார். இனித் திருடுவதில்லை என்று உறுதியும் அளித்தார். நோயுற்றுப் பலகையில் படுத்திருந்த தந்தை எழுந்து அமர்ந்து அதனைப் படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடிச் சிந்தித்தார். பின்னர்த் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார்.

தந்தை தண்டிக்கவில்லை, ஆதலால் இது வெறும் மன்னிப்புக் கதை என்று கருதுவது பொருந்தாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், விளைவை ஏற்க முன்வருதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கூறுதல் ஆகிய மூன்றையும் மகன் தாமே செய்துவிட்டார். தண்டனை செய்ய வேண்டிய வேலை எதுவும் அங்கே எஞ்சவில்லை. அடிக்காத தந்தையாக அவர் இருந்தமையால்தான் அத்தாள் எழுதப்பட்டது எனவும் கூறலாம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் இவ்வாறு தாமாக முன்வருவதில்லை. முன்வராத பிள்ளையைக் கைப்பிடித்து அவ்விடத்துக்கு அழைத்துச் செல்வதே பெரியோர் பணி.

தமிழில் இதற்குப் பழைமையான சிந்தனை உண்டு. திருக்குறளின் 58ஆம் அதிகாரம் 'கண்ணோட்டம்' என்பது. பார்வை, கருத்து என்னும் பொருளில் இன்று வழங்கும் இச்சொல், அங்கே பிறர் துன்பத்தின்மீது கண் ஓடுதலை, அதாவது இரக்கத்தைக் குறிக்கிறது. கடமை கெடாதவாறு இரக்கம் காட்ட வல்லவர்க்கே இவ்வுலகம் உரியது என்று அவ்வதிகாரம் கூறுகிறது. அதற்கு முந்தைய அதிகாரமாகிய 'வெருவந்த செய்யாமை', குற்றத்தைத் தக்கவாறு ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாத வகையில், அதன் அளவுக்கு ஏற்ப ஒறுக்க வேண்டும் என்கிறது. மன்னனை நோக்கிச் சொல்லப்பட்ட இக்கருத்துகள் வீட்டை ஆளும் பெற்றோருக்கும் பொருந்தும். முதலில் ஆராய்தல், பிறகு அளவறிதல், இறுதியில் மீண்டும் நிகழாமல் காத்தல் என்பதே அவ்வரிசை.

இந்திய நாட்டின் சட்டமும் இவ்வழியையே நாடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்துள்ளது. அதே சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 5, 8ஆம் வகுப்புகளில் ஆண்டிறுதித் தேர்வு நடத்த வேண்டும். மைய அரசின் பள்ளிகளுக்கான விதிகள் 2024 டிசம்பரில் வெளியாயின. தேர்ச்சி பெறாத மாணவருக்குக் கூடுதல் பயிற்சி தர வேண்டும். முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேர்ச்சி பெறாவிட்டால் அதே வகுப்பில் ஓராண்டு தொடர வேண்டும். எனினும் தொடக்கக் கல்வி முடியும்வரை எவரையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. படிக்க வேண்டிய கடமையை அவ்விதி தள்ளுபடி செய்யவில்லை. கடமை தவறியவரைத் தனியே விட்டுவிடவும் இல்லை. இவ்விதி நன்மை தருமா என்பது, அக்கூடுதல் பயிற்சி எவ்வளவு உண்மையாக நடக்கிறது என்பதைப் பொறுத்தது. உதவி பெயரளவில் நின்றுவிட்டால் எஞ்சுவது தண்டனை மட்டுமே.

இனி, கையொப்பமிட்ட மாணவனிடம் திரும்பலாம். தந்தை முதலில் அவனை அமரவைத்து, "ஏன் அப்பா இப்படிச் செய்தாய்?" என்று கேட்க வேண்டும், விடை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். புதிய மொழியில் கணக்கு விளங்கவில்லை என்பதும், கேட்க வெட்கப்பட்டான் என்பதும் அப்போதுதான் தெரியவரும். அவை பிழைக்கான காரணங்களே தவிரப் பிழையை நீக்கிவிடும் விடைகள் அல்ல. ஆகையால் மறுநாள் அவனே ஆசிரியையிடம் சென்று உண்மையைச் சொல்ல வேண்டும். தந்தை உடன் செல்லலாம். அவனுக்காகப் பேசுதல் கூடாது. பிறகு நாள்தோறும் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து கணக்குப் போடலாம். அந்த அரை மணி நேரம் மகனுக்குப் பொறுப்பு, தந்தைக்கும் பொறுப்பு.

பெரியோரின் பொறுப்பையும் இங்கு மறத்தல் ஆகாது. தென்னாப்பிரிக்காவில் தம் ஆசிரமத்தைச் சேர்ந்த இருவர் ஒழுக்கம் தவறியதை அறிந்த காந்தியடிகள், மாணவரின் தவற்றில் ஆசிரியருக்கும் பங்குண்டு எனக் கருதினார். ஏழு நாள் உண்ணாநோன்பு இருந்தார். நான்கரை மாதம் ஒருவேளை உணவே கொண்டார். எல்லா ஆசிரியரும் இவ்வாறு நோன்பிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், "என் பிள்ளை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்னும் வினாவை ஒவ்வொரு பெற்றோரும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் தாம் தவறும்போது, "என் பிழைதான்" என்று பெற்றோர் சொல்லக் கேட்ட பிள்ளைக்கு, அச்சொல்லைத் தானும் சொல்வது எளிதாகும்.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஊர் மாற்றமும் மொழி மாற்றமும் உண்மையான துன்பங்களே. அவற்றை வீட்டில் எடுத்துச் சொல்வது பிள்ளையின் உரிமை. செய்த பிழைக்கு அவற்றையே கேடயமாக்கிக்கொள்ளாதிருப்பது பிள்ளையின் கடமை. அந்த மாணவன் ஆசிரியையின் முன் நிற்கும்போது அவன் குரல் நடுங்கக்கூடும். ஆயினும் அடுத்த விடைத்தாளில், மதிப்பெண் எதுவாயினும், தந்தையின் கையொப்பத்தைத் தந்தையே இடுவார்.

சிந்தித்து எழுதுக

1. இருவேறு கருத்துடைய இரு சாராரிடமும் உள்ள ஒற்றுமையாக இப்பாடம் கூறுவது யாது?

2. காந்தியடிகளின் தந்தை தாளைக் கிழித்தமை சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

3. நீர் செய்த பிழை ஒன்றை நீரே சரிசெய்த நிகழ்ச்சியைப் பத்து வரிகளில் எழுதுக.