முகத்தோடு பொருந்தாத கவசம்

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் பழைய தனி வீடுகள் இடிபட்டு, அடுக்குமாடி வீடுகள் எழும்பிவரும் காலம் இது. அவ்விடங்களில் சற்று நின்று பார்ப்போமாயின், கிரானைட் பலகையை எந்திரத்தால் அறுக்கும் தொழிலாளி வெண்புழுதியில் மூழ்கியிருப்பதைக் காணலாம். வாயையும் மூக்கையும் ஒரு துண்டு சுற்றியிருக்கும். மேஸ்திரி இரக்கமுள்ளவராயின் துண்டுக்குப் பதிலாக ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுத்திருப்பார். அத்துடன் தம் கடமை தீர்ந்தது என அவரும் எண்ணுகிறார். வீடு கட்டுவிப்போரும் எண்ணுகின்றனர். உண்மையில் தீர்ந்ததா?

கல்லை அறுக்கையில் எழும் புழுதியில் கண்ணுக்குத் தெரியும் துகள்களைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையுமே தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா நுண்துகள்களோ நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கி, அதைத் தழும்பாக்குகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை. இந்நோயுற்றவரைக் காசநோயும் எளிதில் பற்றிக்கொள்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆனால், வீடு வீடாகச் சென்று கல் பதிப்பவர் எந்தத் தொழிற்சாலையின் பதிவேட்டில் இருக்கிறார்?

என்-95 என்னும் பெயரைக் கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் நம் பாட்டிமாரும் அறிந்துகொண்டனர். நுண்துகள்களில் நூற்றுக்கு 95ஐயேனும் அதன் இழைகள் தடுக்கும் என்பது அவ்வெண்ணின் பொருள். அது இழைக்குக் கொடுக்கப்பட்ட சான்றேயன்றி, அணிபவரின் முகத்துக்குக் கொடுக்கப்பட்டதன்று. காற்று எளிய வழியையே நாடும். மூக்குத்தண்டின் ஓரத்திலோ தாடையின் அடியிலோ சிறு இடைவெளி இருப்பினும், உள்ளிழுக்கும் மூச்சில் ஒரு பகுதி அவ்வழியே புழுதியையும் உடன்கொண்டு புகுந்துவிடும்.

ஆகவேதான் பொருத்தச் சோதனை என்று ஒன்று உண்டு. கேட்போருக்கு அது குழந்தை விளையாட்டாகவே தோன்றும். தலையையும் தோளையும் மூடும் உறை ஒன்றை மாட்டி, அதன் துளைவழியே சாக்கரின் கரைசலைப் பனிபோலத் தெளிப்பர். முதலில் கவசமின்றித் தெளித்து, அவருக்கு இனிப்பு உறைக்கிறதா என அறிவர். பின்னர்க் கவசத்தை அணிவித்து மீண்டும் தெளிப்பர். இயல்பாக மூச்சு விடவேண்டும், ஆழ்ந்து மூச்சு விடவேண்டும், தலையை இருபுறமும் திருப்பவேண்டும், மேலும் கீழும் அசைக்கவேண்டும், பேசவேண்டும், குனிய வேண்டும். இதற்கிடையில் நாவில் இனிப்புத் தட்டினால் அக்கவசம் அம்முகத்துக்கு ஆகாது. வேறு அளவோ வேறு வகையோ தேடவேண்டும். அமெரிக்க நாட்டில் 1998ஆம் ஆண்டின் விதி, இச்சோதனையைப் பணிக்கு முன்னும் ஆண்டுக்கொரு முறையும் நடத்தும்படி முதலாளிகளைக் கட்டாயப்படுத்துகிறது.

மீசை வைத்த நம் ஆடவர் அஞ்சவேண்டா. கவசத்தின் விளிம்பைத் தாண்டாத மீசையால் தீங்கில்லை. ஞாயிறுதோறும் மட்டும் சவரம் செய்துகொள்ளும் தொழிலாளியின் தாடி மயிரே இடையூறு. ஓரிரு நாள் வளர்ச்சியே விளிம்பைத் தோலோடு ஒட்டவிடாது.

புழுதிக்குச் சொன்னது கிருமிக்கும் பொருந்தும். நம் வாசகர் இல்லங்களில் செவிலியராகப் பணிபுரியும் பெண்கள் எத்தனை பேர்! காசநோயாளரை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று 1959ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியது சேத்துப்பட்டில் உள்ள ஆய்வு நிலையம். அப்பெருமையுடைய நகரில், காசநோயாளரின் இருமலுக்கு முன் நாள்தோறும் நிற்கும் செவிலியரின் மூச்சையும் எண்ணவேண்டாமா? உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில், இத்தகைய கவசங்களை வெறுமனே வழங்குவதைப் பற்றிப் பேசவில்லை. முறையான பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் பகுதியாகவே பரிந்துரைத்தது.

இதில் பெண்களுக்கு ஒரு கூடுதல் இடர் உண்டு. கவசங்களைச் சோதிப்பதற்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தவை 1967, 1968ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விமானப் படையினரிடம் எடுத்த முக அளவுகளே. அவ்வளவைக் கொண்டு தேர்ந்த கவசம், ஒடுங்கிய முகமுடைய நம் செவிலிக்குத் தளர்ந்து நிற்பதில் வியப்பென்ன? காதில் மாட்டும் நாடா உடையவை, தலையைச் சுற்றி இறுக்கும் பட்டை உடையவற்றைப்போல் அழுந்தி நில்லா. பிரிட்டனுக்குப் பணிக்குச் செல்லும் நம் பெண்கள் இத்தகைய கவசம் அணியவேண்டியிருப்பின், அந்நாட்டுச் சட்டப்படி முதலில் இச்சோதனைக்கு உட்படுகின்றனர். இங்கு அதே பெண்ணுக்கு ஒரு பெட்டியிலிருந்து கைக்கு வந்தது கொடுக்கப்படுமாயின் அது எவ்வகை நீதி? திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளையும் சேர்த்தே நாம் இவ்வினாவை எழுப்புகிறோம். ஓர் உறை, ஒரு தெளிப்பான், சிறிது சாக்கரின், இரண்டு மூன்று அளவுக் கவசங்கள், பயிற்சி பெற்ற ஒருவர்: இவற்றைத் தேடுவது இயலாத காரியமன்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இக்கவசம் துகளைத் தடுக்குமேயன்றி நச்சு வாயுவைத் தடுக்காது. எவ்வளவு நன்றாகப் பொருந்தினும், கழிவுநீர்க் குழிக்குள் இதை நம்பி எவரையும் இறக்கலாகாது.

வீட்டில் கல் பதிக்கும் வேலை தொடங்குமுன் மேஸ்திரியிடம் கூலியைப் பேசுவது போலவே இதையும் பேசிவிடுங்கள். அறுக்கும் இடத்தில் நீர் சொட்டும் குழாய் இருக்குமா? இருப்பின் புழுதி எழும் இடத்திலேயே பெரிதும் அடங்கும். கவசத்தின் சுமையும் குறையும். பட்டை உடைய கவசம் இரண்டு அளவுகளிலேனும் வாங்கப்படுமா? அணிந்தபின் இரு கைகளாலும் அதைப் பொத்தி, மூச்சை வெளிவிட்டு, ஓரத்தில் காற்றுக் கசிகிறதா எனத் தொழிலாளி நாள்தோறும் பார்ப்பாரா? இது முழுச் சோதனைக்கு ஈடாகாது. ஆயினும் அரை நிமிடத்தில் முடியும்.