தபால் பெட்டிக்குப் பூட்டு

நோணாங்குப்பத்துக்கு வருகிற விருந்தாளிகள் சுண்ணாம்பாற்றில் படகு ஏறுகிறார்கள். முகத்துவாரத்து மணலில் கொஞ்ச நேரம் கால் நனைக்கிறார்கள். சாயங்காலம் திரும்பிப் போகிறார்கள். இந்த ஊர் வழியாகப் போகும் கடலூர்ச் சாலைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால், "ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு என்ன ஐயா பேச்சு!" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நூற்றுச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கம் பிரெஞ்சு ராஜ்யம். தெற்கே கடலூர்ப் பக்கம் பிரிட்டிஷ் ராஜ்யம். நடுவே இருந்தது ஒரு எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு அப்பால் ராஜத்துரோகமாக இருந்த கட்டுரை, இப்பால் வந்ததும் வெறும் கட்டுரையாகிவிடும்! எழுதியவரும் அதே ஆள். எழுத்தும் அதே எழுத்து. ராஜ்யம்தான் வேறு.

இந்த விசித்திரத்தை நம்பித்தான் 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகிச் சிறை சென்றார். பாரதியாருக்கும் அதே கதி நேரும் என்று நண்பர்கள் பயந்தார்கள். அவ்வருஷம் அக்டோபரிலேயே 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வெளிவரத் தொடங்கிவிட்டது. கேலிச் சித்திரத்தை அரசியல் ஆயுதமாக்கிய முதல் தமிழ்ப் பத்திரிகைகளில் அது ஒன்று. கட்டுரையைப் படிக்கத் தெரியாதவனுக்கும் படம் புரியும் அல்லவா? சர்க்காருக்கும் புரிந்தது!

அப்புறம் நடந்ததைத்தான் நேயர்கள் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் சர்க்கார் புதுச்சேரிக்குப் படை அனுப்பவில்லை, அச்சு யந்திரத்தை உடைக்கவில்லை, மைக்கூட்டைக் கவிழ்க்கவில்லை. பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள், அவ்வளவுதான். சந்தாதாரர்களில் பெரும்பாலோர் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். எழுதலாம், அச்சடிக்கலாம், கட்டிக் குவிக்கலாம். போய்ச் சேர வழியில்லை. 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றுபோயிற்று. பாரதியார் இன்னும் எட்டு வருஷம் இங்கேயே இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூருக்கு அருகே அவரைக் கைது செய்தார்கள்.

ஆளுகிறவர்கள் எழுதுகிறவனுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. எழுத்து போய்ச் சேருகிற இடத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். பேனாவைப் பிடுங்கினால் ஊர் சிரிக்கும். தபால் பெட்டியைப் பூட்டினால் யாருக்கும் தெரியாது!

"அப்படியானால் பிரெஞ்சுக்காரர்கள் மகா உத்தமர்களோ?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பத்திரிகைச் சுதந்திரத்துக்கென்று 1881-லேயே சட்டம் செய்தவர்கள் அவர்கள். பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுகிறவனுக்குத் திண்ணையில் இடம் கொடுப்பதில் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. வீட்டுக்காரனையே கேள்வி கேட்டால்தான் குணம் தெரியும். 1934-ல் வ. சுப்பையா புதுச்சேரியில் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளிகளின் கஷ்டம் அச்சில் ஏறியது. 1936 ஜூலை 30-ஆம் தேதி, உரிமை கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளிகள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் உயிர் துறந்தார்கள். பாரதியாருக்கு நிழல் கொடுத்த அதே கொடிதான் அன்றும் பறந்துகொண்டிருந்தது.

ஆகையால், சொந்த அபிப்பிராயம் என்பது எதிர் வீட்டைப் பார்த்துக் கல் எறிவது அல்ல. தனக்கு நிழல் தருகிற கூரையில் ஓட்டை இருந்தால் அதையும் சொல்வதுதான். இந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தால், இன்று தொலைக்காட்சியில் தொண்டை கிழியக் கத்துகிறவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், கோடும் அழிந்துவிட்டது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது; 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. தபால் பெட்டியின் பூட்டு மட்டும் போகவில்லை.

2012 அக்டோபரில் புதுச்சேரிக்காரர் ஒருவர், அப்போதைய மத்திய நிதி அமைச்சரின் மகனைப் பற்றி டுவிட்டரில் ஒரு வரி எழுதினார். அதை வாசிக்கப் பின்தொடர்ந்தவர்கள் பதினாறு பேர் என்று அப்போது செய்தி வந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைகூட நிரம்பாது! புகார் போயிற்று, விடியற்காலையில் போலீஸ் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் கைது. அவர் எழுதியது தவறு என்றால் அவதூறு வழக்குப் போட வழி இருந்தது. விடியற்காலையில் கதவைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லை. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று தள்ளிவிட்டது.

கேலிச் சித்திரத்துக்கும் இதே கதைதான். 1987-ல் அட்டைப் படத்துக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழவே, சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். அன்று பிடித்தது ஆளை. ஆகவே ஊர் முழுக்கத் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் இணைய தளமே திறக்கவில்லை. பிரதமர் மோடி கையில் விலங்கோடு அமெரிக்க அதிபர் டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் வந்த ஒரு சித்திரம்தான் காரணம். ஆசிரியரைப் பிடிக்கவில்லை, தபாலை நிறுத்தினார்கள். 1910-ன் வித்தை! மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கும்படி உத்தரவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இணைய தளங்களை முடக்குவதற்கென்று 2009-ல் செய்த விதிகளில் பதினாறாவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. தேசப் பாதுகாப்புக்குச் சில ரகசியங்கள் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டியது யார், எதற்காக என்பதும் ரகசியம் என்றால், சாவியை யாரிடம் போய்க் கேட்பது?

நாமும் பூட்டு வைத்திருக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. நம் கட்சியைக் குறை சொன்ன பத்திரிகையை மறுமாதமே நிறுத்திவிடுகிறோம். நம் மனசுக்கு இனிப்பாக இருந்தால், உண்மையா பொய்யா என்று பாராமல் கைபேசியில் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். இலவசமாக வருகிற செய்திக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று விசாரிப்பதே இல்லை. சர்க்கார் போடுகிற பூட்டை நீதிமன்றம் திறக்கலாம். வாசகன் உள்ளிருந்து போட்டுக்கொள்கிற தாழ்ப்பாளை எந்த நீதிபதி திறப்பார்?

பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். நமக்குப் பிடிக்காததையும் நாணயமாக எழுதுகிற பத்திரிகை ஒன்றுக்குச் சந்தா கட்டுவோம். வழக்கமாக வருவது ஒரு நாள் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்போம். 1910-ல் அப்படிக் கேட்டவன் பெயரைப் போலீஸ்காரர் குறித்துக்கொள்வார் என்ற பயம் இருந்தது. இன்று கேட்பதற்கு அரசியல் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. கேட்க வேண்டியதுதான் பாக்கி.