நாடகக் காதல் இருக்கட்டும், நாடகக் கல்யாணத்துக்கு யார் பதில் சொல்வது?

'நாடகக் காதல்' என்ற சொல் எங்கள் தருமபுரி மாவட்டத்தின் சாம்பலில் வளர்ந்த சொல். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு பெண் சாதி தாண்டி மணந்துகொண்டாள் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அவளை மணந்த இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். தலித் இளைஞர்கள் காதலிப்பதுபோல் நடித்துப் பெண்களை ஏமாற்றுகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசியவர்கள் இன்றுவரை அந்தச் சொல்லைக் கைவிடவில்லை.

சரி, நடிப்பைப் பற்றியே பேசுவோம்.

தன் மனம் ஆண்களைத்தான் நாடுகிறது என்று அறிந்த ஒருவன். வீட்டுக்கும் அரைகுறையாகத் தெரியும். "ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் பார்க்கிறார்கள். மண்டபம், சீர்வரிசை, மொய், பிரியாணி என எல்லாம் முறைப்படி நடக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இது நடக்கிறது. இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்ணைத்தான் மலடி என்பார்கள். அவளைத்தான் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போவார்கள். இதை நாடகக் கல்யாணம் என்று கண்டிக்க எந்தச் சாதித் தலைவராவது மேடை போட்டதுண்டா?

ஜியோ பேபி இயக்கி, மம்முட்டியே தயாரித்து நடித்து 2023 நவம்பரில் வெளியான 'காதல் தி கோர்' என்ற மலையாளப் படம் இந்த நாடகத்தின் திரையை விலக்கியது. ஊராட்சி இடைத்தேர்தலில் நிற்கப்போகிற நேரத்தில் மேத்யூமீது அவர் மனைவி ஓமனா விவாகரத்து வழக்குப் போடுகிறார். தன் கணவர் தன்பாலீர்ப்பாளர், தங்கன் என்பவரோடு அவருக்கு உறவு உண்டு என்பது வழக்கு. ஜோதிகா நடித்த அந்த ஓமனா பழிவாங்க வந்தவர் அல்ல. இருபது வருடம் இரண்டு பேரும் வாழாத வாழ்க்கைக்குக் கணக்குக் கேட்கிறார். தன் விடுதலையோடு சேர்த்துக் கணவனின் விடுதலையையும் கேட்கிறார்.

இரகசிய உறவு, குடும்பத்துக்குத் துரோகம் என்று இந்தக் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். யார் யாருக்குச் செய்த துரோகம் என்பதுதான் கேள்வி. மேத்யூ ஓமனாவிடம் மறைத்தது துரோகம்தான். அதைப் பூசிமெழுக வேண்டியதில்லை. ஆனால் மகனைப் பற்றித் தெரிந்தே மணமுடித்து வைத்தவர் அப்பா. முதல் துரோகம் குடும்பம் செய்தது. அதுவும் ஒரே கல்லில் இரண்டு பேருக்கு: மகனுக்கும், வீட்டுக்கு வந்த மருமகளுக்கும்.

அந்தப் படத்திடம் கேட்கவும் ஒரு கேள்வி உண்டு. மேத்யூவுக்கு வீடும் குடும்பப் பெயரும் தேர்தல் வெற்றியும் கிடைக்கின்றன. ஓட்டுநர் பயிற்சி கொடுத்துப் பிழைக்கிற தங்கன் ஊரின் கேலியைத் தாங்கியபடி, அதிகம் பேசாமலே நிற்கிறார். மரியாதை உள்ள குடும்பத்தின் வலிதான் கதையாகிறது. மற்றவன் அந்தக் கதையில் சாட்சி.

2025 சன்டான்ஸ் விழாவில் உலகத் திரைப்படப் பிரிவின் நடுவர் பெரும்பரிசை வென்ற 'சபர் போண்டா' என்ற மராத்திப் படம் இங்கே வேறுவழியில் போகிறது. மும்பையின் ஒற்றையறைக் குடிசை வீட்டில் வளர்ந்த ரோகன் கானவடே எடுத்த சுயாதீனப் படம் அது. அப்பாவின் பத்து நாள் துக்கத்துக்குக் கிராமம் போகும் ஆனந்திடம் உறவினர்கள் துக்க வீட்டிலேயே கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். அங்கே அவனுக்குத் துணையாகிற பால்ய நண்பன் ஒரு விவசாயி; அவனுக்கும் அதே நெருக்கடி. ஆனந்தின் அம்மாவுக்கு மகனைப் பற்றித் தெரியும். அவர் அவன் பக்கம் நிற்கிறார். அந்த ஒன்று போதும், ஒரு நாடகக் கல்யாணம் நடக்காமல் போக.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கும் தோழர்களுக்கு: அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். சாதியின் உயிர்நாடி அகமணம் என்கிறார். ஆணும் பெண்ணும் சாதிக்குள் எண்ணிக்கையில் சரியாக இருக்க வேண்டும். ஜோடியில்லாமல் மிஞ்சும் ஆள் வெளியே போய்விடுவான் என்பதால்தான் சதி, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் எல்லாம் வந்தன என்று விளக்குகிறார். மணமேடைக்கு வராத மகனும் மகளும் அந்தக் கணக்கை உடைக்கிறவர்கள். அதனால்தான் அவர்களுக்குக் கால்கட்டு. சாதி மாறிக் காதலித்தவனுக்கு அரிவாளை எடுக்கிற அதே கைதான் இவனிடம் தாலியை நீட்டுகிறது.

இது மேட்டுக்குடிப் பிரச்சினை என்று நம் கூட்டங்களிலேயே முணுமுணுப்பு எழுகிறது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய், பொங்கலுக்கு ஊர் திரும்பப் பயப்படுகிறவன் எந்த மேட்டுக்குடி? 2025 பிப்ரவரியில் வந்த ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை' படத்தில் முற்போக்கான அம்மா, மகள் காதலிப்பது ஒரு பெண்ணை என்று தெரிந்ததும் உடைந்துபோகிறார். அந்த அம்மா நம் இயக்க வீடுகளில் இல்லையா? சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரை வெளியேற்றினோம். 1967இல் அண்ணா ஆட்சி அதைச் சட்டமாக்கியது. "எப்பப்பா கல்யாணம்?" என்று கேட்கும் பெரியவரை மட்டும் முன்வரிசையிலேயே உட்கார வைத்திருக்கிறோம்.

சட்டம் பாதி வழிதான் வந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலுறவு குற்றமல்ல என்றது. 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமையை மறுத்தது. 2025 மே மாதம், பெற்றோர் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவருடைய தோழியின் மனுவின்பேரில் விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றது. உதவி கேட்டு வந்தவரைப் பெற்றோருடனே அனுப்பிவைத்த காவல்துறையையும் கண்டித்தது.

2025 அக்டோபரில் ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் சட்டம் சாதி மறுத்த ஜோடிகளோடு, வீட்டுக் காவலுக்கும் அடிக்கும் கட்டாயக் கல்யாணத்துக்கும் ஆளாகும் தன்பாலீர்ப்பாளர்களையும் காக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டியது சாதி ஒழிப்பு இயக்கங்கள். நம் மண்ணில் சாதி மறுத்துக் காதலிப்பவர்களுக்குப் பாதுகாப்பு கேட்டுப் பத்தாண்டுக்கு மேலாகக் குரல் கொடுக்கிறோம். அந்த மனுவில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

சட்டம் வருவதற்குள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது கால்கட்டுப் பேச்சு நடந்தால், அந்த இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள், சம்மதமா என்று. அவர்கள் வேண்டாம் என்றால் அவர்களோடு நில்லுங்கள்.