மாவுக்கட்டும் மனநிறைவும்

கையிலோ காலிலோ மாவுக்கட்டுடன் ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்கும் படம். கீழே, 'போலீஸார் பிடிக்கச் சென்றபோது தப்பியோட முயன்று வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிவு' என்று ஒரு வரி. தமிழ்நாட்டில் செய்தி படிக்கும் எவருக்கும் பழகிப்போன காட்சி இது. படம் வந்த சில நிமிடங்களில் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் கைதட்டல் குறிகள் குவிகின்றன. 'ஒரு கை மட்டும்தானா?' என்று ஒருவர் கேட்டிருப்பார். அவர் நம் சித்தப்பாவாகவோ, உடன் வேலைபார்க்கும் அக்காவாகவோ இருப்பார். தெருநாய்க்குத் தினமும் சோறு வைக்கிறவராகக்கூட இருப்பார்.

இவர்களைக் கொடூர மனம் படைத்தவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. உளவியல் படித்தவர்கள் அப்படி ஒதுக்கக் கூடாது.

குற்றவாளிக்கு ஏன் தண்டனை வேண்டும் என்று என் மாணவர்களைக் கேட்டால், 'அப்போதுதான் அடுத்தவனுக்குப் பயம் வரும்' என்றே பெரும்பாலும் சொல்வார்கள். கெவின் கார்ல்ஸ்மித், ஜான் டார்லி, பால் ராபின்சன் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பதிலைத்தான் சோதித்தது. பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றால், கண்டுபிடிக்கக் கடினமான குற்றத்துக்குத் தண்டனை கூடுதலாகவும், எளிதில் சிக்கிவிடும் குற்றத்துக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஆய்வில் பங்கேற்றவர்களோ தண்டனையை முடிவுசெய்தபோது அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. செயல் எவ்வளவு கொடியது, செய்தவரின் நோக்கம் என்ன என்பதை வைத்தே அளந்தார்கள். பயம் என்பது வாய் சொல்லும் காரணம். மனம் கேட்பது, 'செய்ததற்கு அனுபவிக்கட்டும்' என்பதை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பெண்ணைச் சிதைத்தவன், அவள் ஒரு பொருட்டே இல்லை என்று தன் செயலால் சொல்கிறான். ஊரார் தண்டனை கேட்பது அதற்கு மறுப்பு: அவள் எங்களுக்குப் பொருட்டானவள். முகம் தெரியாத ஒருத்திக்காக முகம் தெரியாத ஆயிரம் பேர் கொதிப்பதை நான் சமூகத்தின் உயிர்ப்பாகவே பார்க்கிறேன். அந்தக் கோபம் இல்லாத ஊரில் எளியவர்கள் வாழ முடியாது.

ஆனால், கோபம் தரும் வாக்குறுதியை நம்பலாமா? நம்பிக்கைத் துரோகம் செய்த கூட்டாளியைத் தண்டிக்கும் வாய்ப்பைச் சிலருக்குக் கொடுத்து, ஜூரிச் ஆய்வாளர்கள் அவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். 2004-இல் வெளியான அந்த முடிவின்படி, தண்டிக்கத் தீர்மானிக்கும்போது, பரிசை எதிர்பார்க்கையில் இயங்கும் பகுதி இயங்கியது. அது அதிகம் இயங்கியவர்கள் கைக்காசைக் கூடுதலாகச் செலவழித்தும் தண்டித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து கார்ல்ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: தண்டித்த பிறகு நிம்மதி வந்ததா? வரவில்லை. ஒரு விளையாட்டில் ஏமாற்றியவரைத் தண்டிக்க வாய்ப்பு பெற்றவர்கள், அந்த வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மனம் கசந்திருந்தார்கள், ஏமாற்றியவரையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டில் ஏமாறியதும் மகளைப் பறிகொடுத்ததும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும், பழி தீர்ந்தால் மனம் ஆறும் என்ற நம் கணிப்பு எவ்வளவு தவறக்கூடியது என்பதை அது காட்டுகிறது.

2019 நவம்பர் 27 இரவு, ஹைதராபாதை அடுத்த ஷம்ஷாபாதில் இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டு, கொல்லப்பட்டு, எரிக்கப்பட்டார். அவரைக் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போன குடும்பத்தினரை, 'எங்கள் எல்லைக்குள் வராது' என்று அலைக்கழித்தார்கள். பின்னர் மூன்று போலீஸார் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். டிசம்பர் 6 அதிகாலை, கைதாகியிருந்த நால்வரும் போலீஸ் காவலில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அங்கே திரண்ட மக்கள் போலீஸார்மீது பூத் தூவினார்கள், இனிப்பு ஊட்டினார்கள்.

புகாருடன் வந்த குடும்பத்தை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று அதுவரை நாடே கேட்டுக்கொண்டிருந்தது. துப்பாக்கிச் சத்தத்துடன் அந்தக் கேள்வி ஓய்ந்துபோனது. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அந்தத் துறைக்கே பூ விழுந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. நால்வரும் கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டார்கள், அவர்களில் மூவர் சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது ஆணையம். அதைப் படிக்க எந்தக் கூட்டமும் திரளவில்லை. உண்மையில் குற்றம் செய்தவர்கள் யார் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வாய்ப்பும் அந்தக் குடும்பத்துக்கு இல்லாமல் போனது.

பூத் தூவியவர்களிடம் கேட்டால், 'டெல்லி வழக்கு என்ன ஆனது?' என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். 2012 டிசம்பரில் நடந்த அந்தக் கூட்டுப் பாலியல் வன்கொடுமையின் குற்றவாளிகள் அன்றைக்கும் தூக்கிலிடப்பட்டிருக்கவில்லை. 2020 மார்ச் 20 வரை இழுத்தது. நான் மரண தண்டனையை ஏற்காதவன். ஆனால், அந்தக் காத்திருப்பின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. குற்றவாளி தண்டனையின்றித் தப்புவதைப் பார்த்தவர்கள், அதற்குச் சம்பந்தமே இல்லாத அடுத்த வழக்குகளில் கடுமை காட்டுகிறார்கள் என்று கோல்ட்பெர்க், லெர்னர், டெட்லாக் ஆகியோரின் 1999 ஆய்வு கண்டது. தண்டிக்கப்பட்டதைப் பார்த்தவர்களிடம் அந்தக் கோபம் அப்படிப் பரவவில்லை. நீதிமன்றங்களில் தேங்கும் வழக்குகளின் கோபமெல்லாம் அடுத்து பிடிபடுகிறவரின் எலும்பில் இறங்குகிறது. அவர் நிரபராதியா என்று கோபம் பார்ப்பதில்லை.

ஆகவே, 'உணர்ச்சிவசப்படாதீர்கள்' என்று மக்களுக்கு உபதேசிப்பதால் பயனில்லை. நியாயமான கோபத்துக்கு நியாயமான இடத்தில் பதில் கிடைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் போலீஸார் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எத்தனை குடும்பங்களுக்கு இந்த உரிமை இருப்பதே தெரியும்? எத்தனை காவல் நிலையங்கள் தாமாக முன்வந்து தகவல் சொல்கின்றன? மாவுக்கட்டுப் படத்தை உடனுக்குடன் பத்திரிகைகளுக்கு அனுப்பத் தெரிந்த துறைக்கு, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பவும் முடியும். ஒவ்வொரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் எத்தனை குடும்பங்களுக்கு இப்படித் தகவல் சொல்லப்பட்டது என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அதைச் சரிபார்க்க வேண்டும்.

- கட்டுரையாளர், உளவியல் பேராசிரியர்