பூச்சு வேற, திருத்தம் வேற

கனகராயன்குளத்தில கடல் இல்லை. ஏ9 வீதி, குளம், வயல், அவ்வளவுதான். "கலைப்பீடத்தில படிக்கிற உனக்கு போட்டின்ர வெடிப்பில என்ன வேலை?" எண்டு நீங்கள் கேட்கலாம். எங்கட குசினிக்கு வாற மீன் ஒரு பைபர் போட்டில ஏறித்தான் வருகுது. அது போதும்.

போட்டுக்குள்ள இருக்கிற குறுக்குத் தடுப்பு வெடிச்சால், மேல ரெசின் பூசி, பெயின்ற் அடிச்சு, திரும்பக் கடலுக்கு விடுறது பெரிய ஆபத்து. அந்தத் தடுப்பு வெறும் பலகை இல்லை. அலை அடிக்கேக்க உடம்பு நெளியாமல் பிடிக்கிறது அது. பல போட்டுகளில காற்றறையை மூடி வச்சிருக்கிறதும் அதுதான். வெடிப்பால தண்ணி உள்ள போனால், போட் கவிழ்ற நேரம் ஆக்கள் பிடிச்சு மிதக்க ஒண்டும் மிஞ்சாது.

சரியான திருத்தத்துக்குப் பொறுமை வேணும். வெடிப்பின்ர முனை தெரியும்வரை கிறைண்டரால அரைக்கவேணும். தடிப்பின்ர 12 மடங்கு அகலத்துக்குச் சரிவா அரைச்சால்தான் புது மட் பழசோட பிடிக்கும். உள்ளுக்குள்ள பலகை ஊறியிருந்தால் வெட்டி எடுத்து, நல்லாக் காயவிட்டுத்தான் மட் போடவேணும். தடுப்பும் உடம்பும் சேருற மூலையை வளைவா நிரப்பாமல் விட்டால், அதே இடம் திரும்ப வெடிக்கும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 தொடக்கம் 20 கிராம் ஹார்ட்னர் காணும். வன்னி வெயிலில கூடப் போட்டால் மட் ஊறமுதலே இறுகிவிடும். அரைக்கிற தூசு நெஞ்சுக்குக் கூடாது, மாஸ்க் கட்டாயம்.

இந்த அறிவு எங்களுக்குப் புதுசில்லை. 1960களின் கடைசியில நோர்வே உதவியோட காரைநகரில தொடங்கின சீநோர், பைபர் போட் கட்டின இடம். போர் அதை முடக்கினது. 2004 சுனாமிக்குப் பிறகு போட்டுகள் அள்ளிக் குடுக்கப்பட்டன. அவசரத்தில கட்டின பலதின்ர தரம் சரியில்லை எண்டு ஐ.நா. உணவு விவசாய அமைப்பே அப்ப எச்சரிச்சது. 2009 இல முல்லைத்தீவுச் சனம் போட்டையும் விட்டுட்டு ஓடினது. பிறகு திரும்பவும் நிவாரணம், திரும்பவும் போட்.

போட் குடுக்கிற படம் பேப்பரில வரும். அதைத் திருத்தப் பழக்குற படம் வராது. இனி ஆர் போட் குடுத்தாலும், அந்தக் கரையில ரெண்டு பெடியளுக்காவது திருத்தவும் பழக்கிவிட்டுப் போகட்டும். தானமா வந்த போட் ஒருநாள் வெடிக்கும். அண்டைக்குத் தானம் தந்தவர் கரையில நிக்கமாட்டார்.